எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடும் டெக்

எங்கள் வீட்டு டெக்கில் எந்த நாட்டுக் கசெற்றைப் போட்டாலும் படம் ஓடும். எல்லா வில்லங்கமும் அதில்தான் தொடங்கியது.

கனடாவில் விற்கிற சாதாரண டெக்கில் இங்கத்தைக் கசெற்றும் அமெரிக்கக் கசெற்றும் மட்டும்தான் ஓடும். லண்டன் கசெற்றைப் போட்டால் கோடு கோடாக உருளும். பாரிஸ் கசெற்றும் சரிவராது. எங்கள் சனமோ உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒருத்தியின் கலியாணம் பாரிஸில், இன்னொருத்தியின் சாமத்தியவீடு லண்டனில், பெரியப்பாவின் செத்தவீடு எங்கள் ஊர் பாசையூரில். எல்லாம் கசெற்றில்தான் வந்து சேரும். என் தங்கை கிளடிஸின் கலியாணக் கசெற் பாரிஸிலிருந்து வந்தபோது என் கணவர் இக்னேசியஸ் இரண்டு மாதம் ஓவர்டைம் செய்து மல்ரி சிஸ்டம் டெக் ஒன்று வாங்கினார். பார்க்டேலில் எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்கு மேல். யாருக்கு வெளிநாட்டுக் கசெற் வந்தாலும் ஆறாம் மாடியில் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்லுவானேன்.

ஆனால் 1996 ஐப்பசிக்குப் பிறகு ஒருவரையும் வரவிடவில்லை. டெக் பழுது என்று சொல்லிவிட்டேன். காரணம் சீமோன்.

சீமோன் என் கடைசித் தம்பி. பாசையூரில் கடலுக்குப் போனவன். இங்கே வந்து அகதி என்று கேட்டான், நிராகரித்துவிட்டார்கள். எங்கள் மூத்த அண்ணன் நீக்கிலாசை ஆமி பிடித்துக்கொண்டு போன திகதியை ஃபோமில் ஒன்றாக எழுதியிருந்தான், விசாரணையில் வேறொன்றாகச் சொன்னான். அழுது அழுது சொல்லுகிறவனுக்குத் திகதி எங்கே நினைவில் நிற்கும்? ஐப்பசி முடிவதற்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. அவன் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரேயொரு படுக்கையறைக்குள் வந்து இருந்துவிட்டான். நானும் இக்னேசியசும் ஹோலில் படுத்தோம். அவன் பேரில் பிடிவிறாந்து இருந்தது. பிடித்தால் கொழும்புக்குப் பிளேன். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நீக்கிலாஸ் அண்ணனிடம் கேட்கலாம், அவர் எங்கே என்று யாராவது சொன்னால்.

பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி, ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. துவாரத்தால் பார்த்தேன். வெள்ளைக்காரி ஒருத்தி. அறுபது வயதிருக்கும். கம்பளித் தொப்பி, ஒரு கையில் கேக் டப்பா, மற்றக் கையிடுக்கில் தடித்த என்வலப்.

நான் கை காட்டினேன். சீமோன் தன் தேத்தண்ணிக் கோப்பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். பன்னிரண்டு எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு பழக்கம்.

அவள் பெயர் நோரீன். ஐந்தாம் மாடி. அயர்லாந்திலிருந்து வந்து முப்பது வருசம், ஆஸ்பத்திரி ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. அவர்களுடைய சங்கம் பங்குனி மாதம் மாதா கோயில் மண்டபத்தில் அயர்லாந்துப் புதுப் படங்கள் காட்டப் போகிறதாம். தியேட்டரில் ஓடுகிற படங்கள் இல்லை. ஆவணப்படங்கள், குறும்படங்கள். அங்கே இளம் ஆட்கள் எடுத்துக் கசெற்றில் அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் வீட்டிலிருந்து பார்த்து ஐந்தைத் தெரிவுசெய்வது இவளுடைய பொறுப்பு. இவளுடைய டெக்கில் போட்டால் கோடு உருளுகிறது. ஆறாம் மாடியில் ஸ்ரீலங்கா ஆட்களிடம் எல்லாம் ஓடுகிற மெசின் இருக்கிறது என்று கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர் சொல்லியிருக்கிறான். லிப்றுக்குள் என் கணவரைக் கேட்டாளாம். அவர் "யெஸ், யெஸ், சற்றடே" என்றாராம்.

இக்னேசியசுக்கு இங்கிலீஷ் விளங்காவிட்டால் யெஸ் என்பார். விளங்கினாலும் யெஸ் என்பார். அந்த நேரம் அவர் வேலைக்குப் போயிருந்தது அவருடைய நல்ல காலம். இல்லாவிட்டால் டெக்கைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

இவளுக்கும் டெக் பழுது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புருசன் ஓம் என்கிறான், பெண்சாதி இல்லை என்கிறாள், ஏன்? அதை ஒருத்தி யோசிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும்? உள்ளே விட்டேன்.

வந்தவள் முதலில் பார்த்தது சப்பாத்துத் தட்டை. இக்னேசியசின் பூட்ஸ் பத்தாம் நம்பர். அதற்குப் பக்கத்தில் சீமோனின் ஏழாம் நம்பர் சப்பாத்து. மடைச்சி நான், அதை ஒளிக்க மறந்துபோனேன். அவள் தன் பூட்ஸைக் கழற்றி அவை இரண்டுக்கும் பக்கத்தில் மெதுவாக, ஒழுங்காக வைத்தாள். சப்பாத்து வைக்க யாருக்கு அவ்வளவு நேரம் வேண்டும்?

பிறகு சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டாள். எங்கள் வீட்டிலும் இதே படம்தான் என்றாள். வேவு பார்க்க வருகிறவள் இதையெல்லாம் முதலே படித்துக்கொண்டுதானே வருவாள் என்று எனக்கு ஓடியது.

என்னைச் சந்தேகக்காரி என்று இக்னேசியஸ் சொல்லுவார். ஓம், சந்தேகக்காரிதான். நீக்கிலாஸ் அண்ணன் பிடிபட்ட அன்று ஊர்ச் சனம் முழுவதையும் கோயில் வளவுக்குள் வெய்யிலில் இருத்தினார்கள். முன்னால் ஒரு கதிரையில் தலையாட்டி. தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். சாக்கு மேலும் கீழும் ஆடினால் அந்த ஆளை ட்ரக்கில் ஏற்றுவார்கள். அண்ணன் நடந்தபோது ஆடியது. நான் சாக்கைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். வலது பெருவிரலில் நகம் இல்லாத கால். முந்தின கிழமை அந்தக் கால் எங்கள் குசினியில் சப்பணம் கட்டியிருந்தது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் புட்டும் மீன்குழம்பும் கேட்டு வாங்கித் தின்றான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து நல்லாகச் சிரிக்கிற எவரையும் நான் நம்பினதில்லை.

முதல் நாள் ஓடிய படத்தில் ஒரு கிழவன் சீமெந்து இல்லாமல் கல்லை அடுக்கி மதில் கட்டினான். அரைமணி நேரம் அதுதான். இடைக்கிடை ஏதோ பேசினான். அது இங்கிலீஷ் இல்லை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. இது எங்களுடைய பாஷை, எங்கள் ஊரில் வீட்டுக்குள் இதைத்தான் பேசுவோம் என்றாள் நோரீன். வெள்ளைக்காரருக்குள்ளே இப்படியும் ஒரு பாஷை இருக்கிறதென்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவள் மடியில் ஒரு கறுத்தக் கொப்பி. படம் பார்க்கிறாள், எழுதுகிறாள். நிமிர்ந்து வீட்டைப் பார்க்கிறாள், எழுதுகிறாள்.

அவள் போனபிறகு சீமோன் வெளியே வந்தான்.

"அக்கா, கல்லுத்தானே அடுக்கினவன்?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சத்தம் கேட்டது. மூண்டு கல்லு வைச்சான், நாலாவதை வைச்சிட்டுத் திருப்பி எடுத்தான். ஏன் எடுத்தவன்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அவளையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

"படத்தைப் பாக்கேல்லையோ?" என்று அவன் என்னை ஏதோ பெரிய பாவம் செய்தவளைப் போலப் பார்த்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் இரண்டு மணிக்கு நோரீன் வருவாள். சீமோனின் அறைக்கதவு சாத்துப்படும். அவளும் நானும் சோபாவில் இருப்போம். அவள் படத்தைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், சீமோன் உள்ளே கட்டிலில் இருந்து காதால் பார்ப்பான். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமையே முகம் வழித்து, தலை வாரி இழுத்து ஆயத்தமாகிவிடுவான். ஆரிட்டையடா போறாய் என்று இக்னேசியஸ் அவனைப் பகிடி பண்ணுவார்.

சைக்கிளில் கடிதம் கொடுக்கிற பெண் ஒருத்தியைப் பற்றி ஒரு படம். வேலை மூடின தொழிற்சாலை வாசலில் நிற்கிற ஆட்களைப் பற்றி இன்னொன்று. பிறகு பத்து நிமிசப் படம் ஒன்று, அதில் ஒரு சிறுமி அழுதாள்.

"இண்டைக்கு ஆர் அக்கா செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. நாய்."

"நாயோ? அப்ப அந்தச் சின்னப்பிள்ளை நாய்க்கோ அந்த அழுகை அழுதது?" என்று கேட்டபடி கோப்பையைக் கழுவப் போனான். "நல்ல படம்தான் என்ன" என்றான் பிறகு.

எனக்கு அவன் மகிழ்ச்சி பிடித்திருந்தது. அந்த மனுசியைத்தான் பிடிக்கவில்லை. கேக் கொண்டுவந்தால் நாலு துண்டாக வெட்டி வைப்பாள். எங்கள் வீட்டில் ஆள் இரண்டு பேர், அவளோடு மூன்று. நாலாவது துண்டு யாருக்கு? ஒருநாள் உள்ளே சீமோன் இருமினான். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானாகவே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். சத்தம் கூடினால் உள்ளே இருக்கிறவன் துணிந்து நடமாடுவான், பிடிக்க லேசு என்று நினைக்கிறாளோ? இக்னேசியசிடம் சொன்னேன்.

"அந்த மனுசி பாவமப்பா. கேக் எல்லாம் கொண்டு வாறா" என்றார்.

"யூதாசும் ஒண்டா இருந்து சாப்பிட்டவன்தான்" என்றேன்.

நாலாவது கிழமை ஓடிய படம் அவர்களுடைய நாட்டின் வடக்குப் பக்கத்தைப் பற்றியது. ஆமிக்காரர் ஒரு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போகிறார்கள். மெத்தையைப் புரட்டுகிறார்கள், அலுமாரியைக் கவிழ்க்கிறார்கள். ஒரு தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு நிற்கிறாள். அவளுடைய தலைக்கு மேலே திரு இருதயப் படம், கீழே சிவப்பு லைற். வெள்ளைக்கார ஆமி வெள்ளைக்கார வீட்டைச் சோதிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அந்த ஒரு படத்தை மட்டும் நான் பார்த்தேன். திரும்பினால் நோரீன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் ஊரிலும் இப்படி நடந்ததா என்று கேட்டாள்.

"நோ" என்றேன். "வீ கேம் ஃபோர் வேர்க்."

எங்கள் நாட்டில் ஆமிக்காரனைவிடச் சனம் வெறுப்பது அவனுக்குக் காட்டிக்கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரனைத்தான் என்றாள் அவள். கேட்காமலே ஏன் இதை எனக்குச் சொல்லுகிறாள்? நல்லவள் என்று காட்டத்தானே? அந்தப் பெருவிரல்காரனும் எங்கள் குசினியில் இருந்துகொண்டு தலையாட்டிகளைத் திட்டித் தீர்த்தவன்தான்.

ஏழாவது சனிக்கிழமை கடல் படம் வந்தது. ஏதோ ஒரு தீவு, ஐந்து பேர், ஒரு பழைய படகு. வழக்கம்போல நான் நோரீனின் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றுச் சத்தம், கடற்பறவைச் சத்தம், எஞ்சின் சத்தம். திடீரென்று எஞ்சின் திக்கித் திணறியது. படகில் எல்லாரும் கத்தினார்கள்.

"எயார் பிடிச்சிட்டுது! பம்பைக் கழட்டி எயாரை எடடா, டேய்!"

அது படத்தில் இல்லை. படுக்கையறையில்.

என் விரல் தன்பாட்டில் ஸ்டொப்பை அமத்தியது. திரை நீலமானது. எனக்குத் தலையிடி, மன்னியுங்கோ, போங்கோ என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நோரீன் படுக்கையறைக் கதவையே பார்த்தாள். கொப்பியில் ஒரு வரி எழுதினாள். எழும்பினாள், சப்பாத்தைப் போட்டாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஒன்றும் கேட்காமல் போனதுதான் என்னைக் கொன்றது.

சீமோன் வெளியே வந்து தலை குனிந்து நின்றான். "என்னை அறியாமல் வந்திட்டுதக்கா. அவங்கள் சும்மா கத்துறாங்கள், எஞ்சினுக்குள்ளை காத்துப் பிடிச்சதை ஒருத்தனும் பாக்கிறான் இல்லை."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அப்போதுதான் சோபாவில் கிடந்த கறுத்தக் கொப்பியைக் கண்டேன். மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

திறந்தேன். எழுத்து ஏபிசிடிதான், எனக்கு அது தெரியும். ஆனால் ஒரு சொல்லும் வாசிக்க வரவில்லை. இங்கிலீஷ் இல்லை. மேலே திகதி, பக்கத்தில் நேரம். கடைசியாக அன்றைய திகதி, கீழே இரண்டு வரி. படத்தில் அவர்கள் பேசுகிற பாஷையாக இருக்கும் என்று உள்மனம் சொன்னது. இதை நான் மறைக்கவில்லை, சொன்னது. நான் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிய நேரே பொன்னம்பலம் அண்ணையிடம் போனேன். பார்க்டேலில் பாதிச் சனத்துக்கு ஃபோம் நிரப்பிக் கொடுக்கிறவர் அவர். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கொப்பியைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை, உது கோட்."

"அவையின்ர பாஷையாய் இருக்காதோ அண்ணை? படத்திலை வேறை மாதிரித்தான் கதைக்கினம்."

"அயர்லாந்துக்காரர் இங்கிலீஷ்தான் கதைக்கிறது. உது எனக்கு வடிவாத் தெரியும். நான் லண்டனிலை ரெண்டு வருசம் இருந்தனான். படமும் செற்றப், பாஷையும் செற்றப். இஞ்ச பார், திகதி, நேரம். ரிப்போர்ட் எழுதிறா. இனி ஒரு நாளும் அவனை அங்கை வைச்சிருக்கக் கூடாது."

ஒஷாவாவில் அவருடைய மருமகனின் வீட்டு பேஸ்மென்றில் பெடியன்கள் மூன்று பேர் இருக்கிறார்களாம். நாலாவது ஆளாகப் போய் இருக்கலாம். எங்கள் ஆட்கள், பயம் இல்லை என்றார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

இக்னேசியஸ் முதல்முறையாக யெஸ் சொல்லவில்லை. "மனுசியை ஒருக்கா நேரை கேட்டுப் பாப்பமேயப்பா" என்றார். கேட்டால் உண்மை சொல்லுவாளா என்று நான் பாய்ந்தேன். அவர் அடங்கிவிட்டார்.

சீமோன் பையைக் கட்டிவிட்டு டெக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கசெற் இன்னும் உள்ளே இருந்தது.

"அக்கா, மிச்சத்தைப் பாத்திட்டுப் போறனே. பத்து நிமிசம்தான் இருக்கும்."

"தொடாதை! உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

கசெற்றில் என்ன இருக்கும் என்று நினைத்தேனோ, இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. வெளியே எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, மேல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சீமோன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதன்கிழமை பொன்னம்பலம் அண்ணையின் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை இரண்டு மணி. கதவு தட்டுப்பட்டது. இந்தமுறை நான் துவாரத்தால்கூடப் பார்க்கவில்லை, அகலத் திறந்தேன். படுக்கையறைக் கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தேன். கட்டிலை விரித்து, ஜன்னல் திரையை நீக்கி, நன்றாகப் பார்த்துக்கொள் என்று. கொப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

நோரீன் கொப்பியைப் பார்க்கவில்லை. வெறும் அறையைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துபோனது.

அவர் எங்கே என்று கேட்டாள்.

"ஹூ?" என்றேன்.

அவள் சோபாவில் இருந்தாள். அவள் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய தம்பி பொஸ்ரனில் நாலு வருசம் பேப்பர் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டு மேலறையில் ஒளித்திருந்தவனாம். தாய் செத்தபோது ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது என்று போகவில்லையாம். இரண்டு பேர் இருக்கிற வீடு இவ்வளவு அமைதியாக இருக்காது, எனக்கு முதல் நாளே தெரியும் என்றாள். சத்தத்தைக் கூட்டினது அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் என்றாள். நாலாவது துண்டு கேக் அவருக்குத்தான் என்றாள்.

பிறகு கொப்பியைத் திறந்து கடைசி இரண்டு வரியையும் சத்தமாக வாசித்தாள். கல் அடுக்கிய கிழவன் பேசிய அதே பாஷை. அதை எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். கதவுக்குப் பின்னால் இருக்கிறவருக்கு எஞ்சின் தெரியும். படத்தில் செய்தது சரியா என்று அவரிடம் கேட்கவேண்டும்.

அவள் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டு எடுத்துத் தந்தாள். அதில் கோயிலுக்கூடாகத் தெரிந்த ஒரு லோயர் பெண்ணின் பெயர், அகதி வழக்குப் பேசுகிறவ. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறாள். காசு வேண்டாமாம். அவரோடு தானும் வருவேன் என்றாள்.

"ஏன் முதலே சொல்லேல்லை?" என்று தமிழில் கத்தினேன். உண்மையிலேயே கோபம் வந்தது, அவள் மேல்தான் வந்தது. பிறகு இங்கிலீஷில் கேட்டேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன். அப்போதும் நான் அவளுக்கு முன்னால் ஒஷாவாவுக்குப் போன் எடுக்கவில்லை. லோயர் என்று சொல்லி இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாளோ என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனபிறகு, அவளுடைய லிப்ற் இறங்கினபிறகுதான் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை.

பின்னேரம் பொன்னம்பலம் அண்ணை எடுத்தார். காலையில் பேஸ்மென்றில் இருந்த வேறொரு பெடியனைத் தேடி இமிக்ரேசன் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் எல்லாரிடமும் பேப்பர் கேட்டு, சீமோனையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சீமோனை அவர்கள் தேடி வரவே இல்லை.

"ஆர் பிள்ளை உதை நினைச்சது" என்றார் பொன்னம்பலம் அண்ணை. அவர் வாயில் வந்ததில் தெரியாது என்பதற்கு மிகக் கிட்டின சொல் அதுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் நோரீனும் மட்டும் லோயரிடம் போனோம். நீக்கிலாஸ் அண்ணன் பிடிபட்ட திகதிக்குப் பாசையூர்ப் பங்குச் சாமியாரிடம் கடிதம் எடுத்து, அதை வைத்துப் புதிதாக ஒரு விண்ணப்பம் போடலாம் என்றுதான் அவ நினைத்திருந்தாவாம். ஆனால் தானாக நடந்து வருகிறவன் வேறு, ஒளித்திருந்து பிடிபட்டவன் வேறு என்றா. கடிதம் வருவதற்கிடையில் பிளேன் திகதி வந்துவிட்டது. பங்குனி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அவனை அனுப்புவதை மறிக்கச் சொல்லி லோயர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தா. இரண்டு முறையும் இல்லை என்றார்கள்.

அலுமாரியில் இருந்த கசெற்றை எடுத்து நோரீனிடம் நீட்டினேன். சங்கத்துக்கு வேறொரு கசெற்றைக் கடிதம் எழுதி எடுக்கிறேன், இது உங்களிடம் இருக்கட்டும், முடிவை அவருக்குச் சொல்லுங்கள் என்று திருப்பித் தந்தாள். மண்டபத்தில் காட்டிய ஐந்து படங்களில் கடல் படமும் ஒன்றாம். என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. வீட்டில் டெக்குக்கு முன்னால் போய்ப் போய் நின்றேன். கசெற்றை உள்ளே தள்ளக் கை வரவில்லை. அவன் கேட்டபோது பத்து நிமிசம் கொடுக்காதவள் இப்போது தனிய இருந்து பார்க்கிறதா?

பதினேழாம் திகதி சீமோனைப் பார்க்க விட்டார்கள். இடையில் தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் டெலிபோன். மெலிந்துபோனான். ஆனால் முகம் வழித்து, தலை இழுத்திருந்தான். நான் அழுதேன், அவன் அழவில்லை. இக்னேசியஸ் அத்தான் சுகமோ என்று கேட்டான். அந்த மனுசி சுகமோ என்று கேட்டான். என் மேல் கோபம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நேரம் முடிகிறது என்று காவல்காரன் விரலைக் காட்டினான். அப்போதுதான் சீமோன் கேட்டான்.

"அக்கா, அந்தக் கடல் படம். அவங்கள் கரைக்கு வந்து சேர்ந்தவங்களோ?"

"ஓமடா. வந்திட்டாங்கள்."

"எஞ்சினுக்கு என்ன?"

"நீ சொன்னதுதான். எயார். எடுத்தாப்போலை சரிவந்திட்டுது."

"அஞ்சு பேரும் வந்தவங்களோ?"

"அஞ்சு பேரும்."

"நீ பாத்தனியோ?"

"பாத்தன்."

அவன் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தான். முதலில் கண்ணை, பிறகு வாயை, பிறகு கதிரை விளிம்பைப் பிடித்திருந்த என் கையை. நான் சொல்லுவதில் எது மெய், எது பொய் என்று தேடினான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதே பார்வையோடுதான் நான் ஏழு சனிக்கிழமை நோரீனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.